உள்தாழ்ப்பாள்: ஒரு அக்கூஸ்டிக் ராக் பாட்டு பதிவான விதம்

தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற ஒருவரின் பாட்டு இது. ஒரு குரல், ஒரு ஸ்டீல் கம்பி கிட்டார், பிறகு சேர்ந்த பேஸ். எழுதியவருக்கு அந்த அறை நிம்மதி. கேட்டவர்களுக்கோ அது சோகம். இந்த இரண்டுக்கும் நடுவே பாட்டை எப்படிப் பதிவு செய்தோம், எதைச் சேர்த்தோம், எதை எடுத்தோம் என்பதை, இதே மாதிரிப் பாட்டுகளோடு மல்லுக்கட்டுகிற மற்ற பதிவாளர்களுக்காக எழுதி வைக்கிறேன். பாடகர் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரும் இல்லை.

பின்னணி

பாடகருக்கு முப்பதை நெருங்கும் வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலை. கிட்டார் கல்லூரியில் நண்பர்களைப் பார்த்துக் கற்றது. முறையான பயிற்சி இல்லை, ஆனால் வலது கையில் நல்ல தாளம். பாட்டு, மெட்டு, செலவு மூன்றும் அவருடையவை. பின்னால் எந்த நிறுவனமும் கிடையாது.

என் ஸ்டூடியோ சாலிகிராமத்தில் ஒரு ஃபிளாட்டின் படுக்கையறை. விளம்பரக் குரல், குறும்படம், பக்திப் பாட்டு என்று ஓடுகிற இடம். இவரைப் போலத் தனியாகப் பாட்டு செய்கிறவர்கள் இடையிடையே வருவார்கள். இவர் முதலில் வரவில்லை, வாட்ஸ்அப்பில் டெமோ அனுப்பினார். “அண்ணா, இது சோகப் பாட்டு இல்ல. கேட்டுட்டு சொல்லுங்க” என்று கூடவே ஒரு வரி.

டெமோவில் கேட்டது

கேட்டேன். அச்சு அசலாகச் சோகப் பாட்டு.

வரிகளில் அப்படி எதுவும் இல்லை. பல்லவி இப்படிப் போகிறது:

வெளிய பூட்டுனா ஜெயிலு
உள்ள பூட்டுனா வீடு
என் தாழ்ப்பாள் என் கையில
எவன் தட்டுனாலும் தட்டட்டும்

இதில் கொஞ்சம் திமிர்கூட இருக்கிறது. ஆனால் அவர் பாடிய விதம் வேறு. கிட்டார் கழுத்தின் இரண்டாவது ஃபிரெட்டில் (குறுக்குக் கட்டம்) கேப்போ, அதாவது சுருதியை ஏற்றும் கவ்வி போட்டு, மூன்று கட்டையில் (E சுருதி) பாடியிருந்தார். பல்லவியின் உச்சம் மேல் ஸ்தாயி காந்தாரம். அந்த இடத்தில் அவர் குரல் இழுத்துப் பிடித்தது. கடைசிச் சொல்லான ‘தட்டட்டும்’ முடிந்தும் முடியாமல் இரண்டு பார் (தாளச் சுற்று) நீண்டது. பல்லவியின் முதல் கார்ட் மைனர், அதாவது சோகச் சாயல் கொண்ட ஸ்வரக் கூட்டு. இவ்வளவும் சேர்ந்தால் ‘நிம்மதியாக இருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும் ‘யாராவது காப்பாற்றுங்கள்’ என்றுதான் காதில் விழும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே மெட்டை வேகம் குறைத்து, ஷெனாயோ வயலினோ சேர்த்து, படத்தின் பிற்பகுதியில் திரும்பப் போடுவது சினிமாவில் பல ஆண்டுப் பழக்கம். ஸ்டூடியோவில் அதை ‘பேத்தாஸ்’ (சோக வடிவம்) என்பார்கள். மெதுவான வேகம், தனிக் குரல், தனி வாத்தியம் என்றதுமே காது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது சரணம் நிலைமையை இன்னும் சிக்கலாக்கியது. அதில் அம்மா போன் செய்கிறார். போன் மேசையில் நடுங்குகிறது. ‘எடுக்கல, எடுக்கல, நாளைக்குப் பேசிக்கலாம்’ என்று சரணம் முடிகிறது. சோகப் பாட்டு இல்லை என்று அவர் சொன்னது பல்லவிக்குப் பொருந்தும். இந்தச் சரணத்துக்குப் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“இவர் நல்லா இருக்காரா?”

பேஸ் வாசிக்க வந்தவர் என்னைவிட அனுபவசாலி. டெமோவைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி சுருதி பற்றியதல்ல. “இந்தத் தம்பி நல்லா இருக்காரா?” என்று கேட்டார்.

பதிவாளர் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்குவதற்கு இடம் உண்டு. பாட்டில் வருகிற ‘நான்’ பாடுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் கேட்பது என்று முடிவு செய்தோம். காரணம் எளிது. கேட்டு, அவர் சிரித்துவிட்டுப் போனால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்காமல் விட்டு, பிறகு ஏதாவது ஆனால் அதைத் திருப்ப முடியாது. பதில் வேறு மாதிரி வந்தால் பதிவைத் தள்ளி வைப்பது, கூட இருந்து பேசுவது, அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ அவரோடு சேர்ந்தே அழைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச உதவி எண் அது. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நேரில் வந்தபோது டீ குடித்துக்கொண்டே சுற்றி வளைக்காமல் கேட்டேன். “தம்பி, பாட்டுல இருக்கறது நீங்களா? தனியா இருக்கறது கஷ்டமா இருக்கா? உயிரோட இருக்கவே வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?”

கடைசிக் கேள்விக்கு இல்லை என்று உடனே சொன்னார். மற்றவற்றுக்கு நீளமாகப் பதில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே ஹாஸ்டல். சென்னை வந்ததும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் நாலு பேர். பிறகு வேளச்சேரியில் நண்பர்களோடு ஃபிளாட். தூங்கும்போது யாராவது விளக்கைப் போடுவார்கள், இவருடைய துண்டை எடுத்துத் துடைப்பார்கள், ‘மச்சி கொஞ்சம் நகரு’ என்பார்கள். போன வருஷம்தான் முதல்முறையாகத் தனி அறை. முதல் ராத்திரி தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சும்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“அது சந்தோஷம்ணா. நிஜமாவே சந்தோஷம்.” கொஞ்சம் கழித்து, “ஆனா போன் எடுக்கறதில்லைங்கறதும் நிஜம்தான். யாரும் உள்ள வரலைங்கற நிம்மதி பழகிப் போச்சு. இப்ப அம்மா கூப்பிட்டாலும் யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு” என்றார்.

பாட்டின் வேலை என்ன என்பது அங்கே தெளிவானது. நிம்மதியும் உண்மை, ஒதுங்கலும் உண்மை. இரண்டில் எது என்று எங்கள் ஒலி தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்துத்தான் உரசிப் பார்த்தோம்.

சுருதி, வேகம், முதல் கார்ட்

மூன்று கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு (D சுருதி) இறக்கினோம். கேப்போவைக் கழற்றியாயிற்று. அதோடு கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியையும் E-யிலிருந்து D-க்கு இறக்கினோம். டிராப் D என்பார்கள். இதனால் இரண்டு நன்மை. உச்ச காந்தாரம் ஒரு முழு ஸ்வரம் இறங்கியதால் அவர் கத்த வேண்டியிருக்கவில்லை. அடிக்கம்பி ஆதார சுருதியிலேயே நின்று ஒலித்ததால் பாட்டுக்குக் காலூன்ற ஒரு தரை கிடைத்தது.

பல்லவியின் மைனர் கார்டை மாற்றலாமா என்று பேசினோம். அவருக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை. அதற்குப் பதிலாக, B மைனர் பிடிக்கும்போதும் அடியில் D கம்பியை விடாமல் ஒலிக்க விட்டார். அடியில் D இருந்தால் அந்த மைனர் பாதி மேஜர் (துலக்கமான கார்ட்) ஆகிவிடும். D, F ஷார்ப், B மூன்றையும் D-யின் மேல் கட்டிய கார்டாகவே காது எடுத்துக்கொள்ளும். சோகமா இல்லையா என்று காதுக்கே தெரியாத இடம் அது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

வேகத்தை அவர் குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். மாறாக, டெமோவில் நிமிஷத்துக்கு 76 அடியாக இருந்ததை 84-க்கு ஏற்றினார். “தன் வீட்டுக்குள்ள நடக்கறவன் மெதுவாவா நடப்பான்?” என்பது அவர் வாதம். சரிதான். ‘தட்டட்டும்’ என்ற இழுப்பையும் வெட்டினோம். சொல் முடிந்த இடத்திலேயே குரல் நிற்கும், கிட்டார் மட்டும் தொடரும்.

பதிவு

ஐப்பசி மழை. அக்கூஸ்டிக் கிட்டாருக்குச் சுமார் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. சென்னை மழைக்காலத்தில் அது எங்கே கிடைக்கும்? மரம் ஈரம் குடித்து மேல்பலகை லேசாகப் புடைத்திருந்தது, கம்பிகள் ஃபிரெட்டிலிருந்து உயர்ந்து விரலை வெட்டின. கிட்டாரை முந்தின நாளே வாங்கி ஏசி அறையில் பெட்டிக்குள் வைத்தோம். டேக் (ஒரு தடவைப் பதிவு) நேரத்தில் ஏசி, ஃபேன் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். அறை சூடேற ஏற சுருதி நகரும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு ட்யூன் செய்வது தவிர வேறு வழியில்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எப்போது ஓடும் என்று வாட்ச்மேனிடம் கேட்டு நேரம் வகுத்ததையும் இதில் சேர்க்க வேண்டும்.

குரலையும் கிட்டாரையும் தனித்தனியாக எடுத்தால் திருத்துவது சுலபம். முதலில் அப்படித்தான் முயன்றோம். கிட்டார் கையில் இல்லாமல் பாடினால் அவர் குரல் விறைத்துப்போனது. அதோடு கைகளை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே எடுப்பது என்று முடிவானது.

ஒன்றாக எடுத்தால் குரல் மைக்கில் கிட்டாரும், கிட்டார் மைக்கில் குரலும் கலக்கும். இதைக் குறைக்க இரண்டு மைக்கையும் ‘ஃபிகர் எயிட்’ முறையில் வைத்தோம். அந்த முறையில் மைக் முன்னாலும் பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் கிட்டத்தட்டச் செவிடு. குரல் மைக்கின் செவிட்டுப் பக்கம் கிட்டாரைப் பார்க்கும்படியும், கிட்டார் மைக்கின் செவிட்டுப் பக்கம் வாயைப் பார்க்கும்படியும் திருப்பினால் கலப்பு வெகுவாகக் குறையும். கிட்டார் மைக் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி. மைக்குகளின் பின்பக்கமும் கேட்கும் என்பதால் பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தோம்.

குரல் மைக்கை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தோம். இந்த வகை மைக்கில் வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் கனக்கும். ரிவெர்ப் கிட்டத்தட்ட இல்லை. பெரிய கூடத்து எதிரொலி சேர்த்தால் பாடுகிறவர் தூரமாக, தனியாகக் கேட்பார். எதிரொலி இல்லாமல் கிட்டே கேட்டால் நாமும் அவரோடு அதே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். அறைக்குள் யாரையும் விடாத ஒருவரின் பாட்டுக்கு இது முரண்தான். ஆனால் கேட்கிறவரை வெளியே நிறுத்தினால், அவர் கதவைத் தட்டுகிறவர்களில் ஒருவராகிவிடுவார். உள்ளே இருக்கும் சுகம் அவருக்குப் புரியவே புரியாது.

கிளிக், அதாவது வேகம் பிசகாமல் இருக்கக் காதில் ஓடும் ‘டிக் டிக்’, போடவில்லை. அவர் குதிகாலால் ஒரு பலகையில் தட்டிக்கொண்டே வாசித்தார். அந்தத் தட்டலுக்கும் ஒரு மைக் வைத்தோம். பாட்டில் தாள வாத்தியம் அது ஒன்றுதான்.

இரண்டாவது சரணத்தில் போன் வரும் இடத்தில் பேஸ் நின்றுவிட வேண்டும் என்பது பேஸ் வாசித்தவரின் யோசனை. அதுவரை காலுக்குக் கீழே இருந்த தரை அந்த நாலு வரிக்கு இல்லை. குரலும் கிட்டாரும் அப்படியேதான் தொடர்கின்றன, எதுவும் அழவில்லை. ‘நாளைக்குப் பேசிக்கலாம்’ முடிந்ததும் எதுவுமே நடக்காதது போல் பேஸ் திரும்ப வருகிறது. முழுப் பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தாழ்ப்பாள் சத்தம் வேண்டும் என்று பாடகர் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் வைத்தால் நாடகம் போல இருக்கும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஸ்டூடியோ குளியலறைக் கதவின் அலுமினியத் தாழ்ப்பாளைப் பல விதமாக இழுத்துப் பதிவு செய்தோம். கேட்டுப் பார்த்தால் போடுகிற சத்தமும் திறக்கிற சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். கதவு கிறீச்சிட்டால்தான் வித்தியாசம் தெரியும். கிறீச்சை வெட்டிவிட்டு, தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் பாட்டின் முடிவில் வைத்தோம்.

வயலின்

பாடகரின் நெடுநாள் ஆசை, சினிமாவில் வாசிக்கிற மூத்த வயலின் கலைஞர் ஒருவரை வரவழைப்பது. வந்தார், ஒரு தடவை கேட்டார், வாசித்தார். அழகு. உண்மையிலேயே அழகு. கண்ட்ரோல் ரூமில் இருந்த எல்லாரும் பேச்சில்லாமல் இருந்தோம்.

மறுநாள் காலை கேட்டபோதுதான் பிரச்சினை தெரிந்தது. வயலின் நுழைந்த நொடியில் பாட்டு தன் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ‘ஐயோ பாவம்’ என்று அது பாடகரைத் தடவிக் கொடுத்தது. ஒலியைக் குறைத்துப் பார்த்தோம், பிற்பகுதியில் மட்டும் வைத்துப் பார்த்தோம். ம்ஹூம். கடைசியில் எடுத்துவிடுவது என்று பாடகரே சொன்னார்.

அவர் வந்த அன்றே சம்பளத்தை முழுதாகக் கொடுத்தாயிற்று. ஆனாலும் பாட்டு வெளிவந்த பிறகு அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே போன் செய்தேன். “வாசிச்சதுக்குக் காசு குடுத்துட்டீங்க, அப்புறம் என்ன தம்பி. எத்தனையோ படத்துல இப்படிப் போயிருக்கு” என்றார். சற்று நிறுத்தி, “அந்தப் பையன் என்னமோ கெத்தா பாடுறான். எனக்குக் கை சோகமாத்தான் போச்சு” என்றும் சொன்னார்.

டிரம்ஸ் கேட்ட குரல்

கலவை முடிந்து நண்பர்களுக்கு அனுப்பியபோது, டிரம்ஸ் போட்டால்தான் ஓடும் என்று ஒருவர் அழுத்திச் சொன்னார். அவர் காட்டிய உதாரணம் சாதாரணமானதல்ல. அமெரிக்கப் பாடகர்கள் சைமன், கார்ஃபங்கல் இருவரும் ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டை 1964-இல் அக்கூஸ்டிக்காகப் பதிவு செய்தார்கள். அந்த ஆல்பம் விற்கவில்லை. 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடியவர்களைக் கேட்காமலேயே எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் சேர்த்தார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம். அதுவும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எட்ட முடியாததைப் பற்றிய பாட்டுதான்.

வாதத்தில் நியாயம் இருந்ததால் செய்து பார்த்தோம். கிளிக் இல்லாத பதிவு என்பதால் ஒவ்வொரு பாராகக் குறித்து டெம்போ மேப் (வேகம் எங்கே எவ்வளவு என்ற வரைபடம்) போட வேண்டியிருந்தது, அலுப்பான வேலை. டிரம்ஸ் வந்ததும் பல்லவிக்குத் தெம்பு வந்தது. ஆனால் பேஸ் நிற்கிற அந்த நாலு வரி செத்தே போனது. டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸ் நின்றால் யாருக்கும் தெரிவதில்லை. டிரம்ஸையும் நிறுத்தினால் ‘இதோ சோகமான இடம்’ என்று பலகை மாட்டியது போலாகிவிடுகிறது.

வெளியீட்டுக்கு டிரம்ஸ் இல்லாத வடிவம், மேடைக்கு டிரம்ஸ் வடிவம் என்று பிரித்துக்கொண்டோம்.

வெளியீடும் அதற்குப் பிறகும்

சத்தத்தைப் பிதுக்கி ஏற்றவில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிச் சமன் செய்வதால், அதிகமாக ஏற்றினாலும் அவர்களே இறக்கிவிடுவார்கள். மெல்லிய இடங்கள் நசுங்குவதுதான் மிச்சம்.

வெளியிடுவதற்கு முன் பாடகர் ஊருக்குப் போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். அது அவராக எடுத்த முடிவு. அம்மா கேட்டுவிட்டு, “அப்ப வேணும்னுதான் எடுக்கலையாடா?” என்று கேட்டாராம். ஆமாம் என்று இவர் சொன்னாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாட்டு பெரிதாக ஓடவில்லை. ஆனால் வந்த செய்திகள் கவனிக்க வேண்டியவை. ஷார்ஜாவில் பேச்சுலர் அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிற ஒருவர், ‘எனக்கு இந்த மாதிரி ஒரு தாழ்ப்பாள் போதும்’ என்று எழுதியிருந்தார். மகளிர் விடுதியில் இருக்கிற ஒருவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். மாறாக, பாட்டைக் கேட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்ததாக ஒருவர் எழுதினார். முடிவில் அவன் கதவைத் திறக்கிறானா, பூட்டுகிறானா என்று இரண்டு பேர் பாடகரிடமே தீர்ப்புக் கேட்டார்கள். அவர் பதில் போடவில்லை. சோகப் பாட்டு என்று சொன்னவர்களும் இருந்தார்கள், இல்லாமல் இல்லை.

ஒரு கல்லூரி விழாவில் திறந்தவெளி மேடையில் டிரம்ஸ் வடிவத்தை வாசித்தார்கள். மெல்லிய வடிவத்தை அங்கே வாசித்திருந்தால் காற்றோடு போயிருக்கும். ‘எவன் தட்டுனாலும் தட்டட்டும்’ வரிக்குக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்தியது. அங்கே அது தனிமையைப் பற்றிய பாட்டே இல்லை. இறங்கி வந்த பாடகர், “என் ரூமுக்குள்ள ஐநூறு பேர் வந்துட்டுப் போன மாதிரி இருக்குண்ணா” என்றார். பிடித்திருந்ததா என்று கேட்டதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

அடுத்த பதிவில் மாறுபவை

கிளிக் இல்லாமல் எடுப்பது தொடரும், ஆனால் முதல் நாலு பாருக்கு மட்டும் ஒரு காதில் கிளிக் ஓடி அணையும். தொடக்க வேகம் டேக்குக்கு டேக் மாறாமல் இருந்தால், ஒரு டேக்கின் பல்லவியை இன்னொன்றில் வெட்டி ஒட்ட முடியும். மேடை வடிவம் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அதே நாளில் கிளிக்கோடு தனியாக ஒரு கிட்டார் டேக்கும் எடுத்து வைத்துவிடுவோம். டெம்போ மேப் வேலை மிச்சம்.

வரியில் இருக்கிற ஆளைப் பற்றிப் பாடுகிறவரிடம் பேசுவது இப்போது எங்கள் முதல் சந்திப்பின் பகுதி. மைக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அது நடக்கும். பேஸ் வாசிப்பவரும் கூட இருப்பார், ஏனென்றால் என்னைவிட அவருக்குக் கேட்கத் தெரிகிறது.

வாசிக்க வருகிறவர்களிடம், வாசித்தது கடைசி வடிவத்தில் இல்லாமலும் போகலாம், சம்பளம் எப்படியும் முழுதாக உண்டு என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். வெளிவராத டிராக்கை வேறு பாட்டுக்கு எடுப்பதானால் வாசித்தவரின் சம்மதமும் தனிச் சம்பளமும் வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்திருக்கிறோம். வயலின் டிராக் அந்த நிபந்தனையோடுதான் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஒரு குறும்படக்காரர் கேட்டிருக்கிறார், வயலின் சாரிடம் இன்னும் பேசவில்லை.